சூடோ இல்லாமல் விம் நிறுவலாம், வாங்க

லாபில் உபுண்டு போட்ட மெஷின் முன்னாடி உட்கார்ந்து, டெர்மினலைத் திறந்து, 'விஐ' என்று அடித்து ஒரு சி ப்ரோக்ராம் எழுத ஆரம்பிச்சிருப்பீங்க. இரண்டு வரி எழுதியதும் மேலே போய் ஒரு செமிகோலன் சேர்க்கணும்னு மேல் அம்புக்குறியை அழுத்தினா, கர்சர் மேலே போகாது. புதுசா ஒரு வரி திறந்து அதில் 'ஏ' என்று ஓர் எழுத்து வந்து உட்காரும். கீழே போனா 'பி', வலப்பக்கம் 'சி', இடப்பக்கம் 'டி'. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு பக்கத்து மெஷினுக்கு மாறினாலும் அங்கேயும் இதே கதைதான்.

கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. உபுண்டுவில் இயல்பாக வருவது முழு விம் கிடையாது, 'விம் டைனி' என்ற குட்டிப் பதிப்பு. பழைய விஐ போலவே நடந்துகொள்ளும்படி அதை அமைச்சிருக்காங்க. அம்புக்குறி விசையை அழுத்தும்போது டெர்மினல் அனுப்புவது ஒரே குறி அல்ல. எஸ்கேப், அடுத்து பெரிய 'ஓ', அடுத்து 'ஏ' என்று மூன்று குறிகள். பழைய விஐ முறையில் எஸ்கேப் வந்ததும் இன்சர்ட் நிலை முடிஞ்சிடும். 'ஓ' என்றால் மேலே புது வரி திற என்று பொருள். மிச்சமிருக்கிற 'ஏ' அந்த வரியில் எழுத்தாக விழுது. 1976-இல் பில் ஜாய் பெர்க்லியில் விஐ எழுதியபோது அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகள் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. நாம இன்னிக்கும் அந்த நாலு எழுத்தைப் பிடிச்சுத் தொங்குவதற்குக் காரணம் அதுதான்.

சரி, முழு விம் போட்டுக்கலாம்னு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்' கொடுத்தா, உங்க பேர் சூடோயர்ஸ் பட்டியலில் இல்லைன்னு கைவிரிச்சிடும். பெரும்பாலானவங்க இந்த இடத்திலேயே விட்டுடுவாங்க. சிலர் லாப் அசிஸ்டென்ட் கிட்ட ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிப்பாங்க. இரண்டுமே தேவையில்லை. ரூட் அதிகாரம் எதுக்குத் தேவைப்படுது என்று பார்த்தாலே பாதிப் பயம் போயிடும்.

'டிபிகேஜி -எல் விம்-டைனி' என்று அடிச்சுப் பாருங்க. இதில் 'எல்' பெரிய எழுத்து; சூடோ வேண்டாம். அந்தப் பொதி எந்தெந்தக் கோப்புகளை எங்கெங்கே வைத்தது என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் 'யூஎஸ்ஆர்', 'ஈடிசி' என்ற அடைவுகளுக்குள்ளே. நிறுவுதல் என்ற பெரிய வார்த்தைக்குப் பின்னாடி முக்கால்வாசி வேலை இவ்வளவுதான்: கோப்புகளை எடுத்து உரிய இடத்தில் வைப்பது. அந்த அடைவுகள் ரூட்டுக்குச் சொந்தம், அதனால் அங்கே வைக்க ரூட் வேணும். உங்க ஹோம் அடைவு உங்களுக்குச் சொந்தம். அங்கே வைக்க யாரையும் கேட்க வேண்டாம். விம்முக்குத் தான் எந்த அடைவில் இருக்கோம் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை; முன்கூட்டியே சொல்லிட்டா போதும்.

தொடங்கும் முன்னாடி ஒரு குறிப்பு. நம்ம இதழ் வழக்கப்படி கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் ஒலிப்புப்படி போட்டிருக்கேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடிங்க. டாலர் குறியோடு வரும் ஹோம், பாத் போன்ற பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. வேறு எங்காவது பெரிய எழுத்து வந்தா அங்கேயே சொல்லிடுறேன். இன்னொன்னு, மாணவர்கள் ஹோமில் மென்பொருள் கம்பைல் பண்ணக் கூடாதுன்னு உங்க லாபில் விதி இருந்தா, முதலில் அனுமதி வாங்கிடுங்க.

தேவையான கருவிகள் மூன்று: ஜிசிசி, மேக், கிட். சி லாப் நடக்கிற மெஷின் என்றால் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கும். 'ஜிசிசி --வெர்ஷன்' கொடுத்துப் பாருங்க. கிட் இல்லைன்னாலும், இணையம் தடுக்கப்பட்டிருந்தாலும், வீட்டிலிருந்து மூலக்கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து 'டார் -எக்ஸ்எஃப்' போட்டு விரிச்சுக்கலாம். கிட் இருந்தா, கிட்ஹப்பில் 'விம்/விம்' என்ற களஞ்சியத்தை 'கிட் க்ளோன் --டெப்த் 1' என்று எடுங்க. அந்த 'டெப்த் 1' போடலைன்னா பல ஆண்டு வரலாறு முழுசும் சேர்ந்து இறங்கி, உங்க கோட்டாவில் பாதியைத் தின்னுடும்.

இறங்குகிற நேரத்தில் இதைப் படிங்க. விம்மை எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலனார். 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்டார். அப்போ அதன் பெயருக்குப் பொருள் 'விஐ போலி'. பிறகுதான் 'மேம்பட்ட விஐ' ஆச்சு. விலை வைக்காமல், பிடிச்சிருந்தா உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்க என்று கேட்டுக்கிட்டார். விம்முக்குள்ளே ':ஹெல்ப் உகாண்டா' என்று அடிச்சா அந்தக் குறிப்பு இன்னிக்கும் வரும். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினாங்க.

இப்போ முக்கியமான கட்டம். 'சிடி விம்' என்று உள்ளே போய் இதைக் கொடுங்க:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஆப்ஸ்/விம் --வித்-ஃபீச்சர்ஸ்=ஹ்யூஜ்

முழு விஷயமும் அந்த 'ப்ரிஃபிக்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் இருக்கு. கடைசியில் எல்லாவற்றையும் எந்த அடைவுக்குக் கீழே வைக்கணும் என்பதை இங்கே சொல்றோம். எதுவும் சொல்லலைன்னா அது 'யூஎஸ்ஆர்/லோக்கல்' என்று எடுத்துக்கும். கம்பைல் எல்லாம் முடிஞ்சு, கடைசி அடியில் 'அனுமதி இல்லை' என்று நிக்கும். $ஹோமுக்குப் பதிலா அலைக்குறி போட்டுக்கலாமேன்னு தோணும். போடாதீங்க. சமக்குறிக்குப் பின்னாடி இப்படி ஒட்டி வரும் அலைக்குறியை பாஷ் விரிக்காது. 'முழுப் பாதை கொடு' என்று கான்ஃபிகர் திட்டும்.

இதை அடிச்சதும் திரையில் 'செக்கிங்', 'செக்கிங்' என்று நூற்றுக்கணக்கில் வரிகள் ஓடும். யாரும் படிக்க மாட்டோம். ஆனா பின்னாடி நடப்பது சுவாரசியமானது. யூனிக்ஸ் என்ற பெயரில் எத்தனையோ இயங்குதளங்கள் உண்டு. ஒன்றில் இருக்கும் ஃபங்ஷன் இன்னொன்றில் இருக்காது. இந்த மெஷினில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க, கான்ஃபிகர் யாரையும் விசாரிக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாறு வரியில் ஒரு சின்ன சி ப்ரோக்ராமைத் தானே எழுதி, ஜிசிசியிடம் கொடுத்து, கம்பைல் ஆகுதா என்று பார்க்கும். ஆனா 'எஸ்', இல்லைன்னா 'நோ'. கிடைத்த விடைகளை வைத்து, விம்மின் மூலநிரல் பார்த்து நடந்துகொள்ள ஒரு ஹெடர் கோப்பு எழுதி வைக்கும். நம்ம முதலாண்டு சி லாபில் செய்கிற அதே வேலையை அது நிமிஷத்துக்குள்ளே நூறு தடவை செய்யுது.

ஏதாவது தவறினா, திரையில் வரும் கடைசி வரியை மட்டும் பார்த்துட்டுக் கலங்க வேண்டாம். 'எஸ்ஆர்சி/ஆட்டோ' அடைவில் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு இருக்கும். எந்தக் குட்டி ப்ரோக்ராம் எந்தப் பிழையோடு விழுந்தது என்பது அதில் அப்படியே எழுதியிருக்கும். கீழிருந்து மேலாகத் தேடிப் படிங்க. என்னைக் கேட்டா, இந்தக் கோப்பைப் படிக்கக் கத்துக்கிறது விம் நிறுவுவதைவிடப் பயனுள்ளது. நாளைக்கு வேறு எந்த மென்பொருளைக் கட்டினாலும் இதேபோல ஒரு கோப்பு இருக்கும்.

லாப் மெஷின்களில் எதிர்பார்க்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. 'டிஜெட்என்ட்' என்ற ஃபங்ஷனைத் தேடிப் பார்த்துட்டு, 'கிடைக்கவில்லை, என்கர்சஸ் போன்ற டெர்மினல் நூலகம் ஒன்றை நிறுவு' என்று சொல்லி கான்ஃபிகர் நின்னுடும். திரையில் கர்சரை எங்கே நகர்த்துவது, நிறத்தை எப்படி மாற்றுவது என்பதற்கான குறிகள் டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். அந்தக் குறிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுப்பதே இந்த நூலகத்தின் வேலை. இதில் குழப்பம் என்னன்னா, என்கர்சஸ் உங்க மெஷினில் ஏற்கெனவே இருக்கும். பாஷ் ஓடவே அதன் துணை வேண்டியிருக்கு. இல்லாதது 'டெவ்' பொதி. உபுண்டுவில் ஒரு நூலகத்தை ஓட்டுவதற்கான கோப்பு ஒரு பொதியிலும், அதை வைத்துப் புது மென்பொருள் கட்டத் தேவையான ஹெடர்களும் இணைப்புக் கோப்பும் தனிப் பொதியிலும் வரும். ஓட்டத் தெரியும், கட்டத் தெரியாது என்ற நிலை.

அதையும் ஹோமிலேயே வைத்துக்கலாம். க்னூ தளத்தில் என்கர்சஸ் மூலக்கோப்பை எடுத்து விரித்து, உள்ளே போய்:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஆப்ஸ்/என்கர்சஸ் --எனேபிள்-வைட்சி
மேக்
மேக் இன்ஸ்டால்

என்கர்சஸ் இயல்பாகவே ஸ்டாட்டிக் நூலகமாகத்தான் கட்டப்படும். அதாவது விம்மோடு இணையும்போது தேவையான பகுதி விம்முக்குள்ளேயே ஒட்டிக்கும். ஓடும்போது நூலகம் எங்கேன்னு தேட வேண்டாம். நமக்கு அது வசதி. பிறகு விம் அடைவுக்குத் திரும்பி, முதலில் 'மேக் டிஸ்ட்க்ளீன்' கொடுங்க. இதை விட்டுடாதீங்க. விம்மின் கான்ஃபிகர் முன்பு கிடைத்த விடைகளை ஒரு கேஷ் கோப்பில் சேர்த்து வைக்கும். நீங்க நூலகத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகும் பழைய விடைகளைக் கட்டிக்கொண்டு தகராறு பண்ணலாம். துடைத்த பிறகு, ஒரே வரியாக:

எல்டிஃப்ளாக்ஸ்=-எல்$ஹோம்/ஆப்ஸ்/என்கர்சஸ்/லிப் ./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஆப்ஸ்/விம் --வித்-ஃபீச்சர்ஸ்=ஹ்யூஜ் --வித்-டிலிப்=என்கர்சஸ்டபிள்யூ

எல்டிஃப்ளாக்ஸ் முழுக்கப் பெரிய எழுத்து, அடுத்து வரும் '-எல்' என்பதிலும் பெரிய 'எல்'. கடைசியில் உள்ள 'டபிள்யூ', வைட்சி கொடுத்துக் கட்டிய நூலகத்தின் பெயரோடு ஒட்டி வருவது. தமிழ் போன்ற மொழிகளின் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் வடிவம் அது.

கான்ஃபிகர் பிழையில்லாமல் முடிஞ்சா, கஷ்டமான பகுதி தாண்டியாச்சு. 'மேக் -ஜே4' கொடுங்க. ஜே4 என்றால் ஒரே நேரத்தில் நாலு கோப்புகளைக் கம்பைல் செய் என்று பொருள். உங்க மெஷினில் எத்தனை கோர் என்பதை 'என்ப்ராக்' சொல்லும். எல்லாரும் லாகின் பண்ணும் பொது சர்வர் என்றால் மொத்த கோரையும் பிடுங்காதீங்க, இரண்டு போதும். மேக் என்ற கருவியும் விஐ பிறந்த அதே 1976-இல் பெல் லாப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் திரும்பக் கம்பைல் செய்யும். நடுவில் கரன்ட் போனாலும் பயமில்லை. மறுபடி 'மேக்' கொடுத்தா விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முடிந்ததும் உடனே 'இன்ஸ்டால்' போடாம, ஒரு சோதனை செய்யுங்க. './எஸ்ஆர்சி/விம்' என்று அடிங்க. விம் திறக்கும்! இன்னும் நிறுவவே இல்லை, ஆனாலும் ஓடுது. கூடவே 'டிஃபால்ட்ஸ்.விம்' கோப்பைப் படிக்க முடியலைன்னு ஒரு புகாரும் வரும். ப்ரோக்ராம் தயார், ஆனா அதுக்குத் துணையான நிறக்குறிப்பு விதிகளும் உதவிப் பக்கங்களும் நீங்க சொன்ன ப்ரிஃபிக்ஸ் அடைவில் இன்னும் வந்து சேரலை. இன்ஸ்டால் என்ற அடி எதைச் செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவா யாரும் விளக்க முடியாது. ':க்யூ' போட்டு வெளியே வந்துடுங்க.

அடுத்து 'மேக் -என் இன்ஸ்டால்'. அந்த '-என்' போட்டா மேக் என்னென்ன செய்யப்போகுதோ அதை அச்சிட்டுக் காட்டும். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கும். பாதைகள் எல்லாம் உங்க ஹோமுக்குள்ளேதான் இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துட்டு, 'மேக் இன்ஸ்டால்' கொடுங்க. சூடோ இல்லை, பாஸ்வேர்டு இல்லை. சில நொடிகளில் முடியும்.

இப்போ 'விம்' என்று அடிச்சா? 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று பாஷ் சொல்லும், அல்லது ஆப்ட் வழியா நிறுவச் சொல்லி யோசனை தரும். கோப்பு இருக்கு, ஆனா இருக்கிற இடம் ஷெல்லுக்குத் தெரியலை. நாம அடிக்கிற பெயரை, பாத் என்ற மாறியில் உள்ள அடைவுகளில் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டுவதுதான் ஷெல்லின் வழக்கம். ஹோமில் உள்ள '.பாஷ்ஆர்சி' கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேருங்க:

எக்ஸ்போர்ட் பாத்=$ஹோம்/ஆப்ஸ்/விம்/பின்:$பாத்

இங்கே டாலர் இல்லாத பாத் கூடப் பெரிய எழுத்துதான். நம்ம அடைவு முன்னாடி, பழைய $பாத் பின்னாடி என்ற வரிசை முக்கியம். மாற்றிப் போட்டா, மெஷினில் ஏற்கெனவே ஒரு விம் இருக்கும் பட்சத்தில் அதுதான் முந்திக்கும். பழைய $பாத்தைச் சேர்க்கவே மறந்துட்டா, எல்எஸ் கூட வேலை செய்யாது. அப்படி ஆனா '/பின்/எல்எஸ்' என்று முழுப் பாதை கொடுத்துச் சமாளிச்சு, கோப்பைத் திருத்திக்கலாம்.

புது டெர்மினல் திறந்து 'டைப் -ஏ விம்' கொடுங்க. ஷெல் கண்ணில் படுகிற எல்லா விம்மும் வரிசையா வரும், உங்களுடையது முதலில் இருக்கணும். பழைய டெர்மினலிலேயே தொடர்ந்தா, பாஷ் முன்பு கண்டுபிடித்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பழையதையே ஓட்டலாம். 'ஹாஷ் -ஆர்' கொடுத்தா அந்த ஞாபகம் அழியும்.

'விஐ' என்று அடிச்சா மட்டும் இன்னும் ஏ, பி, சி, டி வருதா? வரும். விம்மின் இன்ஸ்டால் 'விம்', 'வியூ', 'விம்டிஃப்', 'விம்ட்யூட்டர்' எல்லாம் வைக்கும், 'விஐ' என்ற பெயரில் எதையும் வைக்காது. '.பாஷ்ஆர்சி'யில் 'அலியாஸ் விஐ=விம்' என்று இன்னொரு வரி சேர்த்தா தீர்ந்தது.

அடுத்த ஆச்சரியம் ஒரு வாரம் கழிச்சு வரும். புது விம்மில் முதல் நாளே நிறங்கள் அழகா வரும். பிறகு ஆசையா '.விம்ஆர்சி' உருவாக்கி, வரி எண் வேணும்னு 'செட் நம்பர்' மட்டும் எழுதி வைப்பீங்க. உடனே நிறங்கள் காணாமப் போகும். உங்களுக்கென்று விம்ஆர்சி இல்லாதவரைதான் விம் 'டிஃபால்ட்ஸ்.விம்' கோப்பைத் தானாகப் படிக்கும். உங்க கோப்பு வந்ததும், 'இவர் தனக்கு வேண்டியதைச் சொல்லிட்டார்' என்று ஒதுங்கிக்கும். விம்ஆர்சியின் முதல் வரியாக 'சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்' என்று போட்டா இரண்டும் கிடைக்கும். இதில் விம்ரன்டைம் பெரிய எழுத்து.

அந்த ரன்டைம் அடைவுக்குள்ளே ஒரு முறை சுத்திப் பாருங்க. 'ஆப்ஸ்/விம்/ஷேர்/விம்' கீழே பதிப்பு எண்ணோடு ஓர் அடைவு இருக்கும். அதில் 'கீமேப்' என்ற அடைவில் 'தமிழ்_டிஸ்கி' என்று ஒரு கோப்பு கண்ணில் படும். யூனிகோடு பரவுவதற்கு முன்னாடி தமிழ்க் கணிமையில் புழங்கிய டிஸ்கி குறியீட்டுக்கான விசை வரைபடம் அது. டிஸ்கியைப் பலர் மறந்தே போயாச்சு, கோப்பு மட்டும் ஒவ்வொரு விம்மோடும் உலகம் முழுக்கப் போய்க்கிட்டு இருக்கு.

ஒரு எச்சரிக்கை. இடம் மாத்தலாம்னு 'ஆப்ஸ்' அடைவை இழுத்து வேறெங்காவது போடாதீங்க. ப்ரிஃபிக்ஸ் பாதை விம்முக்குள்ளேயே பதிஞ்சிருக்கு. 'விம் --வெர்ஷன்' கொடுத்தா கடைசிப் பகுதியில் அந்தப் பாதையை நீங்களே பார்க்கலாம். நகர்த்தினா, கம்பைல் பண்ணியதும் பார்த்தோமே, அதே புகார் திரும்ப வரும். புது ப்ரிஃபிக்ஸ் கொடுத்து மறுபடி கட்டுவதுதான் சுத்தமான வழி.

லாப் முழுக்க ஒரே ஹோம் அடைவை நெட்வொர்க் வழியா எடுக்கிற அமைப்பு என்றால், நீங்க எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் உங்க விம் கூடவே வரும். ஆனா ஒரு மெஷினில் புது உபுண்டு, இன்னொன்றில் ரொம்பப் பழசு என்றால், புதியதில் கட்டியது பழையதில் 'ஜிலிப்சி பதிப்பு இல்லை' என்று மறுக்கலாம். இருப்பதிலேயே பழைய மெஷினில் கட்டுங்க. பெரும்பாலும் மற்றவற்றிலும் அது ஓடும்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'ஆப்ஸ்' கீழே தனி அடைவு கொடுத்ததற்குக் காரணம், எடுக்கும்போது தெரியும். எல்லாவற்றையும் ஒரே அடைவில் கொட்டியிருந்தா, எந்தக் கோப்பு எதனுடையதுன்னு தேடணும், அல்லது 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுப்பதற்காக மூலநிரல் அடைவை அழிக்காம வெச்சிருக்கணும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நிறுவி முடிச்சதும் மூலநிரல் அடைவை அழிச்சு கோட்டாவை மீட்டுக்கலாம். விம்மே வேண்டாம்னு தோணும் நாளில் 'ஆர்எம் -ஆர் $ஹோம்/ஆப்ஸ்/விம்' கொடுத்து, பாஷ்ஆர்சியில் சேர்த்த இரண்டு வரிகளையும் எடுத்துட்டா, மெஷின் முன்பு இருந்தபடியே இருக்கும். எண்டர் தட்டும் முன்னாடி, $ஹோமுக்கும் சாய்கோட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கான்னு மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கோங்க.